தீத்தடுப்புக் கட்டணம்: கெடு எங்கே தவறுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

கலிபோர்னியாவில் மலைப்பக்கமோ காட்டோரமோ வீடு வைத்திருக்கும் இரண்டு பேர் "ஃபயர் ஃபீ கட்டியாச்சா?" என்று கேட்டுக்கொண்டால், இருவரும் ஒரே கட்டணத்தைத்தான் சொல்கிறார்கள் என்று நம்பிவிட முடியாது. அந்தப் பெயரில் குறைந்தது மூன்று வேறு வேறு பாக்கிகள் புழங்குகின்றன. ஒன்று, மாநில அரசு தனி பில் அனுப்பி வசூலித்து, பிறகு நிறுத்திவைத்த பழைய கட்டணம். இரண்டாவது, கவுன்டியின் (நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) சொத்து வரி பில்லுக்குள் ஒரு வரியாக வரும் உள்ளூர்த் தீயணைப்பு வரி. மூன்றாவது, காய்ந்த புல்லை நீங்கள் வெட்டாததால் கவுன்டியே ஆள்விட்டு வெட்டி உங்கள் தலையில் கட்டும் செலவு. மூன்றுக்கும் கெடு வேறு, கட்ட வேண்டிய இடம் வேறு, முறையிட வேண்டிய இடமும் வேறு.

ஆகவே காகிதம் கைக்கு வந்ததும் தேதியைத் தேடாதீர்கள், அனுப்பியது யார் என்று பாருங்கள். நான் பார்த்தவரை, கெடு தவறியவர்களில் பலரிடம் பணமும் இருந்தது, கட்டும் எண்ணமும் இருந்தது. கவுன்டி பில்லுக்கு மாநிலத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்ததும், மாநில பில்லுக்குக் கவுன்டியின் கணக்கைப் போட்டதும்தான் கோளாறு. கீழே அறிகுறிவாரியாகப் போகலாம். உங்களுக்குப் பொருந்தும் இடத்துக்கு நேராகத் தாவிவிடுங்கள்.

அறிகுறி: "பழைய ஃபைலில் 150 டாலர் பில் கிடைத்திருக்கிறது. இன்னும் கட்டணுமா?"

முதலில் பில்லில் எந்த நிதியாண்டு என்று பாருங்கள். இந்தக் கட்டணம் 2011-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டத்தால் வந்தது. தீயணைப்புப் பொறுப்பு மாநிலத்தின் மேல் இருக்கும் நிலப்பரப்பில், அதாவது நகராட்சி எல்லைக்கும் மத்திய அரசு நிலத்துக்கும் வெளியே கிடக்கும் ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் ஏக்கரில், குடியிருக்கத்தக்க கட்டடம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 150 டாலர். அதே இடம் உள்ளூர்த் தீயணைப்பு மாவட்டத்துக்குள்ளும் (தீயணைப்புக்கென்று தனியாக வகுத்த உள்ளூர் எல்லை) இருந்தால் 35 டாலர் தள்ளுபடி போக 115. 2013-14 முதல் விலைவாசியைக் காட்டி 152.33, 117.33 என்று ஏற்றினார்கள். எண்ணைப் பார்த்தாலே தள்ளுபடி கிடைத்ததா, எந்தக் காலத்து பில் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

2011-12க்கான முதல் பில்களே 2012 ஆகஸ்டில்தான் கிளம்பின. அதையும் கவுன்டிகளின் ஆங்கில அகரவரிசைப்படி, அலமீடாவில் தொடங்கி அனுப்பினார்கள். அதனால் ஒரே மலையின் இந்தப் பக்கத்து வீட்டுக்கு ஒரு கெடு, கவுன்டி எல்லைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கு வேறொரு கெடு. "பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்னும் டைம் இருக்கே" என்று விட்டவர்கள் சிக்கியது இப்படித்தான்.

கட்டணம் 2017 ஜூலை 1 முதல் நிறுத்திவைக்கப்பட்டது. கார்பன் உமிழ்வு வர்த்தகத் திட்டத்தை நீட்டித்த அதே சட்டத்தில் இதையும் சேர்த்து முடித்தார்கள். பேரத்தில் கிராமப்புற உறுப்பினர்களின் ஓட்டுக்குக் கிடைத்த விலை என்று அப்போதே பேச்சு. நிறுத்திவைத்தது அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்குத்தான், முந்தைய பாக்கி தள்ளுபடி ஆகவில்லை. 2016-17 வரையிலான பில் கட்டாமல் கிடந்தால் அது பாக்கிதான்.

வசூலித்தது முதலில் மாநில சமன்படுத்தல் வாரியம். 2017 ஜூலையில் அந்த வேலை புதிதாக உருவான மாநில வரி மற்றும் கட்டண நிர்வாகத் துறைக்குப் போய்விட்டது. பழைய பில்லில் அச்சிட்ட முகவரிக்கு இன்றைக்குச் செக் எழுதி அனுப்பாதீர்கள். புதிய துறையின் அதிகாரபூர்வ தளத்துக்குப் போய், பில்லில் உள்ள கணக்கு எண்ணைச் சொல்லி, இப்போதைய பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். வட்டி சேர்ந்திருக்கும். பில்லில் இருக்கும் தொகையை மட்டும் கட்டினால் மிச்சம் தொங்கிக்கொண்டே இருக்கும்.

மாறாக, "இந்த ஆண்டுக்கான மாநிலத் தீத்தடுப்புக் கட்டணம், உடனே போனிலேயே கட்டுங்கள்" என்று யாராவது அழைத்தால் கார்டு எண்ணை எடுக்கவே வேண்டாம்.

அறிகுறி: "கடிதம் கைக்கு வரும்போதே பாதி நாள் போய்விட்டது"

இது கோளாறு இல்லை, சட்டமே அப்படித்தான். மாநிலக் கட்டணத்தில் நாள் எண்ணத் தொடங்குவது பில்லில் அச்சிட்ட தேதியிலிருந்து. நீங்கள் உறையைப் பிரித்த தேதிக்கு மதிப்பில்லை. தொடக்கத்தில் 30 நாள்தான் கொடுத்தார்கள். மலைக் கிராமங்களில் தபால் பெட்டி வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை போய் எடுப்பவர்கள் உண்டு. கோடைக்கு மட்டும் வந்துபோகும் வீட்டுக்காரர்களும் உண்டு. அவர்களுக்கு 30 நாள் என்பது நடைமுறையில் பதினைந்து நாள் மாதிரி. இந்தக் குறை கேட்டுக் கேட்டு, 2015-இல் நிறைவேறிய திருத்தம் பணம் கட்டுவதற்கும் ஆட்சேபிப்பதற்கும் 60 நாளாக ஆக்கியது. ஆகவே பழைய பில்லைச் சரிபார்க்கும்போது அது எந்தக் காலத்தில் வந்தது என்று பார்த்து 30-ஆ 60-ஆ என்று முடிவு செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் 60 என்று எண்ணாதீர்கள்.

கவுன்டி வரி பில்லில் விஷயமே வேறு. அங்கே பில் தேதிக்குச் சம்பந்தமில்லை, நாள்காட்டிதான் கெடு. முதல் தவணை நவம்பர் 1-இல் கட்ட வேண்டியதாகி, டிசம்பர் 10-க்குப் பிறகு தாமதம். இரண்டாவது பிப்ரவரி 1, ஏப்ரல் 10. சனி, ஞாயிறு, விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். பில் வரவே இல்லை என்பது சாக்கு ஆகாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நவம்பர் முதல் வாரம் தாண்டியும் காகிதம் வராவிட்டால், பார்சல் எண்ணை (உங்கள் மனைக்குக் கவுன்டி கொடுத்த எண்) போட்டு கவுன்டியின் தளத்தில் நீங்களே பாருங்கள்.

காகிதம் வராததன் காரணம் பெரும்பாலும் ஒன்றே: வீடு மாறியதைத் தபால் நிலையத்தில் சொல்லியிருப்பீர்கள், சொத்து மதிப்பைக் கணக்கிடும் கவுன்டி அசெஸ்ஸரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள். வாங்கும்போது பத்திரத்தோடு கொடுத்த அஞ்சல் முகவரிதான் அங்கே நிற்கும்.

அறிகுறி: "நான் அனுப்பிவிட்டேன். அவர்கள் லேட் என்கிறார்கள்"

அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தபாலில் அனுப்பினால் கவுன்டி பார்ப்பது அஞ்சல் முத்திரைத் தேதி. உறையைப் பெட்டியில் போட்ட நாளும் முத்திரை விழும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டிசம்பர் 10 மாலை நாலு மணிக்கு மலைமேல் ஒரு நீலப் பெட்டியில் போட்டால், அது பெரிய நகரத்துப் பிரிப்பு மையத்துக்குப் போய்த்தான் முத்திரை வாங்கும். அங்கே 11 அல்லது 12 என்று விழலாம். கடைசி நாளில் அனுப்பியே தீர வேண்டுமென்றால் கவுன்ட்டருக்குப் போய், கையால் முத்திரை குத்தித் தரச் சொல்லி, அனுப்பியதற்குச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆபீஸில் இருக்கும் ஸ்டாம்ப் மெஷினில் அடித்த தேதியைப் பல கவுன்டிகள் முத்திரையாக ஒப்புக்கொள்வதில்லை.

அடுத்தது பேங்க் தளத்தின் 'பில் பே'. திரையில் "டிசம்பர் 8 அன்று அனுப்பப்பட்டது" என்று வந்ததும் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறோம். உள்ளே நடப்பது என்ன தெரியுமா? பேங்க் சார்பில் எங்கோ ஒரு மாநிலத்தில் காகித செக் ஒன்று அச்சாகி, தபாலில் கவுன்டிக்குப் போகிறது. அந்த உறையில் பல நேரம் முத்திரையே இருக்காது. முத்திரை இல்லாத உறைக்கு, கவுன்டி கையில் கிடைத்த நாள்தான் கட்டிய நாள். செக்கின் மேல் பார்சல் எண் இல்லாவிட்டால் இன்னும் மோசம். யாருடைய பணம் என்று தெரியாமல் ஓரமாகக் கிடக்கும், அல்லது திரும்பி வரும். பில் பே-யை விட்டுவிட்டுக் கவுன்டியின் சொந்தத் தளத்தில் இ-செக் போடுங்கள். பெரும்பாலும் கூடுதல் கட்டணம் இருக்காது, கிரெடிட் கார்டு என்றால் சேவைக் கட்டணம் உண்டு. இ-செக்கில் பேங்க் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் உடனே தெரியாது. உறுதி எண் வந்துவிடும், மூன்று நாலு நாள் கழித்துத்தான் பணம் திரும்பும். அதற்குள் கெடு போயிருக்கும். ஆகவே உறுதி எண்ணைப் பார்த்துத் திருப்தி அடையாமல், உங்கள் பேங்கில் பணம் கழிந்ததா என்று பாருங்கள்.

டிசம்பரில் சென்னைக்குக் கச்சேரி சீசனுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கலிபோர்னியாவில் டிசம்பர் 10 மாலை 5 மணி என்பது இந்தியாவில் 11-ஆம் தேதி காலை 6.30. ஏப்ரலில் அதுவே காலை 5.30. நேரம் சாதகமாகத்தான் இருக்கிறது, சிக்கல் வேறு இடத்தில். பேங்க் அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் அமெரிக்க சிம்முக்கு வரும், அந்த சிம்மோ பெட்டிக்குள் தூங்கும். நவம்பர் பிறந்ததுமே கட்டிவிட்டு விமானம் ஏறுங்கள்.

அறிகுறி: "வீட்டுக் கடன் பேங்க் கட்டும் என்று இருந்தேன்"

எஸ்க்ரோ கணக்கு (மாதத் தவணையோடு வரிப் பணத்தையும் பேங்க் வாங்கி வைக்கும் கணக்கு) வைத்திருந்தால் கவுன்டி வரி பில்லைக் கடன் கொடுத்தவரே கட்டுவார். அதில் ஒரு வரியாக வரும் தீயணைப்பு வரியும் சேர்ந்து போய்விடும். ஆனால் மாநிலம் தனியாக அனுப்பிய பழைய தீத்தடுப்பு பில் உங்கள் பெயருக்கு வந்தது, பேங்குக்கு அது தெரியவே தெரியாது. அதேபோல வீடு வாங்கிய முதல் ஆண்டில் வரும் துணை வரி பில்லையும் பெரும்பாலும் பேங்க் கட்டுவதில்லை. சந்தேகம் இருந்தால் கவுன்டி தளத்தில் 'கட்டப்பட்டது' என்று இருக்கிறதா என்று டிசம்பர் முதல் வாரமே பாருங்கள். கடன் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குக் கை மாறிய ஆண்டில் கண்டிப்பாகப் பாருங்கள்.

அறிகுறி: "தொகையே தப்பு. சரியாகும்வரை கட்டமாட்டேன்"

கோபம் நியாயமாக இருக்கலாம். கட்டாமல் இருப்பதுதான் அடுத்த கோளாறின் தொடக்கம். பணம் கட்டும் கெடுவும் ஆட்சேபிக்கும் கெடுவும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்றைத் தொட்டால் மற்றது நிற்காது. கட்டிவிட்டு ஆட்சேபிப்பதே பாதுகாப்பு, ஜெயித்தால் பணம் திரும்பி வரும்.

மாநிலக் கட்டணம் நடப்பில் இருந்தபோது இதில் கூடுதல் சிக்கல் ஒன்று இருந்தது. பணம் போக வேண்டியது வரி வாரியத்துக்கு. தொகையைத் திரும்பக் கணக்கிடக் கேட்கும் மறுநிர்ணய மனு போக வேண்டியது சுசூன் சிட்டியில் இருந்த சேவை மையத்துக்கு. இரண்டையும் ஒரே உறைக்குள் போட்டு வாரியத்துக்கு அனுப்பினால் செக் மட்டும் வரவாகும், மனு நாள் கடந்து போகும். 2012-இல் ஹோவர்ட் ஜார்விஸ் வரி செலுத்துவோர் சங்கம் வழக்குப் போட்டபோது, பணத்தையும் கட்டுங்கள், மனுவையும் போடுங்கள் என்றே சொத்துக்காரர்களுக்குச் சொன்னது. இது கட்டணமே அல்ல, வரி, அதற்குச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்பது அவர்கள் வாதம். வாதம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கெடுவுக்கு அது பொருட்டில்லை.

மனுவில் எடுபட்ட காரணங்கள் சாதாரணமானவை. வீட்டிலிருந்து பிரிந்து நிற்கும் கராஜ், மாட்டுக் கொட்டகை, சாமான் அறை இவையெல்லாம் குடியிருக்கத்தக்க கட்டடம் அல்ல, அவற்றுக்கு பில் போட்டிருந்தால் தவறு. மொபைல் வீடு கணக்கில் சேரும். தீயணைப்பு மாவட்டத்துக்குள் இருந்தும் 35 டாலர் தள்ளுபடி வராதது இன்னொன்று. நிலம் மாநிலப் பொறுப்புப் பரப்பில் இல்லவே இல்லை என்பது மூன்றாவது, இதற்கு மாநில வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பார்த்தாலே விடை கிடைக்கும். "ஏற்கெனவே உள்ளூர் வரி கட்டுகிறேனே" என்பது எடுபடவில்லை, அதற்குத்தான் அந்தத் தள்ளுபடி.

கவுன்டி பில்லுக்கு வந்தால், தீ சம்பந்தமான வரி 'நேரடிக் கட்டணங்கள்' என்ற தலைப்பில், பொதுவான ஒரு சதவீத வரிக்குக் கீழே இருக்கும். பக்கத்திலேயே ஒரு தொலைபேசி எண் போட்டிருப்பார்கள். அந்த எண்ணுக்குத்தான் பேச வேண்டும். வரி வசூல் அலுவலகம் பணம் வாங்கும் இடம், அவ்வளவுதான். வீட்டு மதிப்பைக் குறைக்கச் சொல்லி மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனாலும் இந்த வரியைத் தொடமாட்டார்கள், ஏனென்றால் இது மதிப்பை வைத்துப் போட்டதே இல்லை. உதாரணத்துக்கு, மரின் கவுன்டியில் 2020 மார்ச்சில் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட காட்டுத்தீத் தடுப்பு வரி தொடக்கத்தில் கட்டடத்தின் சதுர அடிக்கு 10 சென்ட். குறைந்த வருமானமுள்ள மூத்தோருக்கு விலக்கு உண்டு. ஆனால் கேட்டால்தான் கொடுப்பார்கள், கேட்பதற்கும் ஒரு கெடு உண்டு. அப்பா அம்மா பெயரில் வீடு இருந்தால் இதை விசாரிக்காமல் விடாதீர்கள்.

ஆட்சேபித்த வரியை மட்டும் கழித்துவிட்டு மிச்சத்துக்குச் செக் அனுப்பும் யோசனை வேண்டாம். குறைந்த தொகையைப் பல கவுன்டிகள் திருப்பி அனுப்பிவிடும். பிறகு முழுத் தவணைக்கும் அபராதம்.

அறிகுறி: "விற்றுவிட்ட வீட்டுக்கு பில் வருகிறது"

இரண்டு கட்டணங்களும் எதிரெதிராக நடக்கும் இடம் இது. மாநிலக் கட்டணம் ஆளைத் துரத்தும்: அந்த நிதியாண்டின் ஜூலை 1 அன்று யார் உரிமையாளரோ அவர் பெயரில் பில். ஜூலை 15-இல் விற்றிருந்தாலும் நீங்கள்தான். வாங்கியவரோடு பங்கு போட்டுக்கொள்வது உங்கள் இருவருக்குள். கவுன்டி வரி நிலத்தைத் துரத்தும். முன்னவர் விட்ட பாக்கியும் இப்போது நிலம் யார் கையில் இருக்கிறதோ அவர் தலையில்தான் விடியும். வாங்கியவர் என்றால் விற்பனையை முடித்துவைத்த எஸ்க்ரோ நிறுவனம் கொடுத்த கணக்குத் தாளில் எந்தத் தவணைவரை கழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய மாநில பில் தவறாக உங்களுக்கு வந்தது என்றால், பத்திரம் பதிவான தேதியோடு ஒரு நகலை அனுப்பினால் போதும்.

அறிகுறி: "புல் வெட்டாததற்குப் பெரிய தொகை போட்டிருக்கிறார்கள்"

சான்டா கிளாரா போன்ற கவுன்டிகளில் களை அகற்றும் திட்டம் உண்டு. முதல் கடிதத்தில் இருப்பது வேலையை முடிக்க வேண்டிய தேதி, பணத்தைப் பற்றியது இல்லை. அது தாண்டினால் கவுன்டியின் ஒப்பந்தக்காரர் வந்து வெட்டிவிட்டுப் போவார். கூலியோடு நிர்வாகச் செலவும் சேர்ந்து அடுத்த சொத்து வரி பில்லில் ஏறும். இடையில் செலவுப் பட்டியலை அங்கீகரிக்க ஒரு விசாரணை நடக்கும். ஆட்சேபணைக்கு நல்ல சந்தர்ப்பம் அதுதான். பில்லில் ஏறியபிறகு இறக்குவது குதிரைக்கொம்பு. வெட்டி முடித்த அன்றே நாலு மூலையிலிருந்தும் தேதியோடு படம் எடுத்து, ஆய்வாளருக்கு அனுப்பிவையுங்கள்.

வீட்டைச் சுற்றி 100 அடிக்குத் துப்புரவு வைக்கச் சொல்லும் மாநில விதி இதிலிருந்து தனி. மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயரின் ஆய்வாளர் அதற்காக வந்தால் இந்த பில்லைக் காட்டித் தப்பிக்க முடியாது.

அறிகுறி: "அபராதம் விழுந்தேவிட்டது"

கவுன்டி வரியில் ஒரு நாள் தாமதமானாலும் 10 சதவீதம். தவணை 4,000 டாலர் என்றால் 400. ஜூன் 30 தாண்டினால் மாதம் ஒன்றரை சதவீதம் ஏறத் தொடங்கும், ஐந்து ஆண்டு கட்டாமல் விட்டால் ஏலம்வரை போகலாம். அபராத ரத்து மனு என்று ஒன்று உண்டு. உங்கள் கட்டுப்பாட்டை மீறிய, நியாயமான காரணம் இருக்க வேண்டும்: ஆஸ்பத்திரியில் கிடந்தது, தபால் துறையின் தவறு, கவுன்டியே முகவரியை மாற்றிப் போட்டது. ஆதாரக் காகிதம் கட்டாயம். மறந்துவிட்டேன், ஊரில் இல்லை, பில் வரவில்லை என்பதெல்லாம் பொதுவாகச் செல்லாது. மனு போடும்போதே அசல் தொகையைக் கட்டிவிடுங்கள்.

வீடே எரிந்துபோனவர்களுக்கு வழி வேறு. சேதம் 10,000 டாலருக்கு மேல் என்றால் அசெஸ்ஸரிடம் பேரிடர் மறுமதிப்பீடு கேட்கலாம், பொதுவாக 12 மாதத்துக்குள். பெரிய தீயில் கெடுவையே தள்ளிவைப்பதும் உண்டு. 2025 ஜனவரி லாஸ் ஏஞ்சலஸ் தீக்குப் பிறகு குறிப்பிட்ட அஞ்சல் எண் பகுதிகளுக்கு அபராதத்தையும் வட்டியையும் 2026 ஏப்ரல் 10 வரை ஆளுநர் நிறுத்திவைத்தார். வரியை எஸ்க்ரோ வழியாகப் பேங்க் கட்டிவந்த வீடுகளுக்கு அது பொருந்தவில்லை. பட்டியலில் உங்கள் அஞ்சல் எண் இருக்கிறதா என்று பார்க்காமல் "எல்லோருக்கும் தள்ளி வைத்திருக்கிறார்கள்" என்ற வாட்ஸப் செய்தியை நம்பாதீர்கள்.

அறிகுறி: "நிலம் கலிபோர்னியாவில் இல்லை, வடக்கே"

அப்படியானால் மேலே சொன்ன தேதிகள் எதுவும் உங்களுக்கு இல்லை. ஆரிகனில் காட்டுக் காவல் கட்டணம் சொத்து வரி பில்லுக்குள்ளேயே வரும். நவம்பர் 15-க்குள் முழுவதும் கட்டினால் 3 சதவீதத் தள்ளுபடி, மூன்று தவணையாக என்றால் நவம்பர் 15, பிப்ரவரி 15, மே 15. வாஷிங்டன் மாநிலத்தில் ஏப்ரல் 30, அக்டோபர் 31. அங்கே காட்டுத்தீப் பாதுகாப்புக் கட்டணம் பார்சலுக்கு 17.50 டாலர், 50 ஏக்கருக்கு மேல் ஒவ்வோர் ஏக்கருக்கும் 27 சென்ட் என்று சட்டத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரே கவுன்டியில் சின்னச் சின்னதாக மூன்று நாலு பார்சல் வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் 17.50 கட்டிக்கொண்டிருக்கலாம். அதிகமாகக் கட்டியதைத் திருப்பிக் கேட்க வழி உண்டு, ஆனால் மனு போக வேண்டியது மாநில இயற்கை வளத் துறைக்கு. கவுன்டி ஜன்னலில் போய் நின்றால் அவர்களும் அந்தத் துறையின் தொலைபேசி எண்ணைத்தான் எழுதிக் கொடுப்பார்கள்.